காலியாக விட்ட இரண்டு கட்டங்கள்

கிழக்கு தாம்பரம்,
9 ஜூன் 2025

அன்புள்ள ரத்தினபாய் அக்காவுக்கு,

தம்பி வேதசிரோமணி எழுதுவது. நானும் ஜோசலினும் தேவகிருபையால் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? புதிய காது மிஷினைப் போட்டுக்கொள்கிறீர்களா, டப்பாவிலேயே இருக்கிறதா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். நம் ஜோசலின் உண்டாகியிருக்கிறாள்! கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து! இன்றைக்குப் பதினாறு வாரம் நான்கு நாள். நவம்பர் இருபது என்று தேதி சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவள் கண்டிப்பாக இருந்தாள். எனக்கே போன மாதம்தான் சொன்னாள். மாப்பிள்ளை ஸ்டெபின் கப்பலில் இருக்கிறார், டிசம்பரில்தான் இறங்குவார். அவள் அம்மாவும் இல்லை. ஆகவே இந்தக் காலம் முழுவதும் வீட்டில் பொறுப்பான ஆள் நான் ஒருவன்தான். என்னைப் பொறுப்பான ஆள் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. முட்டை வேகவைப்பதற்குக்கூட நான் கடிகாரம் பார்ப்பவன்.

ஒன்று மட்டும் எனக்கு வரும். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் மழைமானித் தண்ணீரை அளந்து எழுதியவன் அல்லவா? கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி ஜோசலினின் எடை, ரத்த அழுத்தம், மாத்திரை எல்லாம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் என் மேலதிகாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மழை இல்லையா, பூஜ்யம் போடு. அளக்க முடியாத துளி விழுந்ததா, டிரேஸ் என்று போடு. கட்டத்தைக் காலியா மட்டும் விடாதே. காலியா இருந்தா, அன்னைக்கு நீ போய்ப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்."

நேற்று கீழ்வீட்டு ஜெயவேலு (எங்கள் வீட்டுக்காரர், சிமெண்டுக் கடை வைத்திருப்பவர்) என்னை நிறுத்தி, "இன்னா சார், தெருவுல தனியா சிரிச்சிகினு போற?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் ஜெபத்தில் எங்களை நினையுங்கள்.

அன்புத் தம்பி,
வேதசிரோமணி

—

நாசரேத்,
16 ஜூன் 2025

ஏல மணி,

முழங்கால் முழங்கால் மாதிரியே இருக்கிறது. காது மிஷின் டப்பாவில் இருக்கிறது.

உன் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டுக் கத்திவிட்டேன். எவ்வளவு சத்தமாக என்று எனக்கெப்படித் தெரியும்? எதிர்வீட்டு லோகநாயகி காய் நறுக்கியதைப் போட்டுவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளும் கத்தினாள். அது எனக்கே கேட்டது.

நீ பயப்படுவாய் என்று தெரியும். பயப்படு. நான்காயிரத்துச் சொச்சம் பிரசவம் பார்த்தவள் சொல்கிறேன், பயப்படுகிறவன் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். ஆனால் பயந்து வாயை மூடிக்கொள்ளாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆறு வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தவன் நீ.

நோட்டை நகல் எடுத்து எனக்கும் அனுப்பு. போன் வேண்டாம். போனில் நீ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கடிதம் என்றால் நீ சொல்லாமல் விட்டதுகூட எனக்குக் கேட்கும்.

ஜோசலினுக்கு முத்தம். முருங்கைக்கீரை கொடு.

உன் அக்கா,
ரத்தினபாய்

—

கிழக்கு தாம்பரம்,
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். விவரமாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை, சரியாக இருபத்தெட்டு வாரம். ஜோசலின் குரோம்பேட்டை பேங்கில் வேலையில் இருக்கும்போது வயிறு கல் மாதிரி இறுகியிருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. "அப்பா, லேசா வலிக்குது, பயப்படாதீங்க" என்று போன் செய்தாள். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட ஓர் ஊசி, மறுநாள் இன்னொன்று. கர்ப்பப்பை இறுகாமல் தளர்த்தி வைக்க மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. டாக்டர் கீதா கெட்டிக்காரர். "ஒரு நாள் உள்ளே இருந்தாலும் குழந்தைக்கு லாபம் சார், ஒரு நாள்!" என்றார். அக்கா, அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எனக்குப் பரிசு வாங்கிய மாதிரி இருக்கிறது. காலண்டரில் தாள் கிழிக்கும்போது ஜோசலினைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கிழிக்கிறேன். அவள் படுத்தபடியே கை தட்டுகிறாள்.

ஒன்றுதான். டாக்டர் கீதாவின் நாக்கு கொஞ்சம் கூர்மை. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் வேறு எங்கோ போய் மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். "ரெண்டு டாக்டர் பார்க்கிறதுன்னா அங்கேயே போங்க! நான் ஒரு மருந்து, அவங்க ஒரு மருந்து, நடுவுல குழந்தை என்ன பண்ணும்?" என்று ஒரு சத்தம் போட்டார். வெளியே உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மாத்திரை அட்டவணையின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு படுக்கும்முன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அன்புத் தம்பி,
வேதசிரோமணி

—

நாசரேத்,
6 செப்டம்பர் 2025

ஏல மணி,

சட்டையைத் திருப்பிப் போட்டதை லோகநாயகிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு நாளாக உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள்.

டாக்டரம்மா சொன்னது சரி. ஒரு நாள் என்பது பெரிய காரியம். ஆனால் வலியை நிறுத்துகிற மருந்து எதுவும் தாயோடு நிற்காது, பிள்ளைக்கும் போகும். இது உன்னைப் பயமுறுத்த அல்ல. அந்த மருந்துகளைக் கொடுக்கிறபோது எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று துல்லியமாக எழுத வேண்டும். பிள்ளை பிறந்ததும் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். அந்த வேலைக்கு உன்னைவிட்டால் ஆளில்லை.

எங்கள் காலத்தில் வேறு மருந்து இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

டாக்டர் சத்தம் போட்டால் போடட்டும். நான் முப்பத்துநாலு வருஷம் வாங்கியிருக்கிறேன். யாரும் செத்ததில்லை.

அக்கா

—

கிழக்கு தாம்பரம்,
24 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

முப்பத்திரண்டாம் வாரத்தைத் தொடப்போகிறோம்! நாளைக்கு! உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

கூடுவாஞ்சேரியில் சம்பந்தியம்மா (ஸ்டெபினின் அம்மா) வளைகாப்பு வைத்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். "ஒம்பது வருஷமா காத்திருக்கோம் அண்ணா, ஒரு மணி நேரம் வந்து உக்காந்தா போதும்" என்றார்கள். எனக்கு மறுத்துப் பேச வரவில்லை. சனிக்கிழமை இருபதாம் தேதி ஜெயவேலு காரில் போனோம். பெருங்களத்தூரில் மட்டும் ஐம்பது நிமிஷம் நின்றோம். ஜெயவேலு தலையை வெளியே நீட்டி, "யோவ், உள்ள புள்ளத்தாச்சி கீது, வுடுய்யா!" என்று கத்தினார். ஒரு பஸ் நிஜமாகவே ஒதுங்கி வழிவிட்டது!

பாஸ்டர் ஜெபம் செய்தார். பெண்கள் பாடினார்கள். கண்ணாடி வளையல் வலது கையில் இருபத்தொன்று, இடது கையில் இருபது. ஜோசலின் கையை ஆட்டினால் சின்ன மழை பெய்கிற மாதிரி இருந்தது. ஸ்டெபின் கப்பலிலிருந்து வீடியோவில் பார்த்தார். அவர் முகம் நடுநடுவே நின்று நின்று வந்தது. நின்றபோதெல்லாம் சிரித்தபடியே நின்றது.

சனிக்கிழமை இரவு அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிறு மாலை வந்தோம். மற்றபடி எழுத ஒன்றுமில்லை. இப்போது வலி அநேகமாக வருவதே இல்லை. வந்தாலும் உடனே அடங்கிவிடுகிறது.

அட்டவணை நகல் இதோடு.

அன்புத் தம்பி,
வேதசிரோமணி

—

(அஞ்சலட்டை)
நாசரேத், 28 செப்டம்பர்

மணி, இருபதாம் தேதிக் கட்டம், இருபத்தொன்றாம் தேதிக் கட்டம், இரண்டும் காலி. பூஜ்யம்கூட இல்லை. நீ விட மாட்டாயே. கூடுவாஞ்சேரியில் என்ன நடந்தது? வலி எப்படி உடனே அடங்குகிறது? எழுது. – அக்கா

—

கிழக்கு தாம்பரம்,
3 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

பூஜை விடுமுறை முடிந்து உங்கள் அட்டை இன்றுதான் கிடைத்தது. எல்லோரும் நலம். இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன்! குழந்தை ஒரு கிலோ எண்ணூறு இருக்கும் என்கிறார்கள். விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்த பெண், "தாத்தா, இங்க பாருங்க, உங்களுக்கு டாட்டா காட்டுது" என்றாள். சும்மா சொன்னாள் என்று தெரிந்தும் நானும் கையைக் காட்டினேன்.

குழந்தையைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைவாம். நிறைய நீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மூன்று இளநீர் வாங்குகிறேன். "ஏதாவது புதுசா மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கீதா கேட்டார். ஜோசலின் என்னைப் பார்த்தாள். டாக்டருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

அட்டவணையில் இரண்டு கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்கிறீர்கள். வயதாகிறது அக்கா.

ஆண் என்றால் எபினேசர் என்று வைக்கலாமா? இதுவரைக்கும் கர்த்தர் உதவி செய்தார் என்று பொருள் அல்லவா?

வேதசிரோமணி

—

நாசரேத்,
7 அக்டோபர் 2025

மணி,

நலம் விசாரிப்பது கடைசியில்.

தண்ணீர் குறைகிறது, இளநீர் வாங்குகிறேன் என்கிறாய். ஏல, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பங்கு பிள்ளையின் மூத்திரம்தான். பனிக்குடம் உடையாமலே தண்ணீர் குறைந்தால், பிள்ளை உள்ளே சரியாக ஒன்றுக்குப் போகிறதா என்று கேட்க வேண்டும். ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டும். எனக்குப் புது மருந்துகள் தெரியாது. ஆனால் உனக்கு ஏதோ தெரியும். உனக்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்கிறேன்.

1973 டிசம்பர். எனக்கு இருபத்தேழு வயது. அப்போது குறைமாத வலியை நிறுத்த என்ன கொடுத்தோம் தெரியுமா? சாராயம். சிரிக்காதே. சுத்தமான ஆல்கஹாலைக் குளுக்கோஸில் கலந்து நரம்பில் ஏற்றுவோம். உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ணிவிட்டுச் சாராயம் ஏற்றுவோம். தாய்மார் போதையில் பாடுவார்கள், வாந்தி எடுப்பார்கள், மாமியாரைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள்.

கிளியம்மாள் என்று ஒரு பெண், ஏழு மாதம். முதல் இரண்டு மணி நேரம் வேகமாக விட்டு, பிறகு சொட்டைக் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டிய நேரம் பகல் இரண்டு. நான் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாலரை. சொட்டு அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குறைத்தேன். சார்ட்டில் ‘2 மணி, குறைக்கப்பட்டது’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

வலி நிற்கவில்லை. ஐந்தரைக்குப் பிள்ளை பிறந்தது. பெண். ஈரத் துணி மாதிரித் துவண்டு கிடந்தாள். வாயருகே சாராய வாசம். டாக்டரம்மா சார்ட்டைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கே குறைச்சியா, ரத்தினபாய்?" "ஆமா டாக்டர்." அப்படியானால் மருந்து இவ்வளவு செய்யாது, வேறு ஏதோ என்று அவர் தேட ஆரம்பித்தார். ஒரு நாள் முழுக்கத் தேடினார். நான் பக்கத்திலேயே நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது மூச்சு இருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வருஷமாக இதை யாருக்கும் சொல்லவில்லை, மணி.

இனி உன் முறை. எனக்கு எழுத வேண்டாம், நேரமில்லை. டாக்டரிடம் சொல்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது.

அக்கா

—

குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தா,
11 அக்டோபர் 2025, பகல் 12.40

அக்கா!

பயல் மூத்திரம் விட்டுவிட்டான்! உங்களுக்கு ஒன்றும் புரியாது, முதலிலிருந்து வருகிறேன். ஆனால் இதை முதலில் எழுதாமல் என்னால் முடியவில்லை. ஆண் பிள்ளை. எபினேசர். உயிரோடு, சிவப்பாக, கோபமாக இருக்கிறான். தாயும் சுகம்.

வியாழன் அதிகாலை ஐந்தேகாலுக்கு ஜோசலினுக்கு வலி வந்தது. இந்தத் தடவை எதற்கும் அடங்கவில்லை. ஜெயவேலு லுங்கியோடு வந்து காரை எடுத்தார். "சார், நீ பேஜாராவாத, பேசாம குந்து, பாப்பா கையைப் புடிச்சிக்க" என்றார். ஏழு நாற்பதுக்குப் பிறந்துவிட்டான். ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. கதவுக்கு வெளியே கேட்கும்படி அழுதான்! ஜெயவேலு அங்கிருந்த வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முப்பத்துநாலு வாரம்தான் என்பதால் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அங்கே ஆஷா என்று ஒரு சிஸ்டர். சிறுநீரைப் பிடித்து அளக்க, குழந்தைக்குச் சின்னப் பை ஒன்றை ஒட்டியிருந்தார். மாலையில் பை காலி. வெள்ளிக்கிழமை காலையிலும் காலி. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டுமாம். உடம்பு லேசாக ஊத ஆரம்பித்தது.

குழந்தை டாக்டர் ஹரிபிரசாத் என்னைக் கூப்பிட்டார். "அம்மா வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?" என்றார். நான் நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீட்டா யாருமே எழுத மாட்டாங்க சார்" என்று பாராட்டினார். அக்கா, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். சிறுநீரகத்தில் அடைப்பு இருக்கலாம், வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் பன்னிரண்டுக்கு ஜெயவேலு சாப்பாட்டோடு உங்கள் கடிதத்தையும் கொண்டுவந்தார். "உங்க அக்கா ஸ்பீடு போஸ்ட் போட்டுக்கீது சார், அர்ஜென்ட்டு போல." வராந்தாவில் நின்றபடியே படித்தேன். இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை.

கூடுவாஞ்சேரியில் நடந்தது இதுதான். வளைகாப்பு அன்று மாலை வலி வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். அந்த டாக்டர் வேறு வகை கேப்ஸ்யூல் எழுதினார். இரண்டு நாளைக்கு மட்டும், அதுவரை பழைய மாத்திரை வேண்டாம், திங்கட்கிழமை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னார். அரை மணியில் வலி அடங்கிவிட்டது. எனக்கு அது அற்புதமாகத் தெரிந்தது. திங்கட்கிழமை டாக்டர் கீதாவிடம் போய், உங்களைக் கேட்காமல் வளைகாப்புக்குப் போனோம், வேறு டாக்டரைப் பார்த்தோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய மாத்திரையை அட்டவணைப்படி மறுபடி தொடங்கினேன். அதோடு, பெருங்களத்தூர் மருந்துக்கடையில் அதே சீட்டைக் காட்டி அந்தக் கேப்ஸ்யூலை இன்னும் வாங்கினேன். இறுக்கம் வந்தபோதெல்லாம் ஒன்று. ஜோசலின், "டாக்டர்கிட்ட சொன்னீங்களாப்பா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். மருந்தே இல்லை என்று பூஜ்யம் போட்டால் பொய், உண்மையை எழுதினால் திட்டு. அதனால்தான் கட்டம் காலி.

உங்கள் கடித உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். தேதி, மணி, எண்ணிக்கை. மொத்தம் இருபத்து மூன்று. நோட்டில் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். காலியான கேப்ஸ்யூல் அட்டை ஒன்று சட்டைப்பையிலேயே இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். நீட்டினேன்.

அவர் அட்டையில் பெயரைப் படித்தார். இண்டோமெத்தசின். நிமிர்ந்தார்.

"கடைசி டோஸ் எப்போ?"

"புதன் மாலை ஆறரை."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"இதை நேத்தே சொல்லியிருக்கணும் சார்." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து ஓடினார்.

அரை மணி கழித்து என்னைத் தேடி வந்து விளக்கினார். இந்த மருந்து குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்குமாம். அதனால்தான் உள்ளேயே தண்ணீர் குறைந்திருக்கலாம். நூறு சதவீதம் இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்படி வரக்கூடியது என்றார். நீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஏற்றிக்கொண்டிருந்தார்களாம், அதைக் குறைத்துவிட்டார். சிறுநீரகத்துக்குச் சுமையான ஒரு மருந்தை நிறுத்தி வேறு கொடுத்தார். இதயத்தையும் ஸ்கேன் பார்த்தார், அது நன்றாக இருக்கிறது. "இப்போ வேற எங்கேயும் மாத்த வேண்டாம். மருந்து உடம்பை விட்டுப் போகணும். காத்திருப்போம்" என்றார்.

பிறகு ஜோசலினிடம் போய்ச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையில் வளையல் சத்தம்கூட வரவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு, பச்சை அங்கி மாட்டிவிட்டு என்னை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். சிஸ்டர் ஆஷா பை சரியாக ஒட்டவில்லை என்று எடுத்துவிட்டுப் புதுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில், அக்கா, நூல் மாதிரி மெல்லிசாக ஒன்று எழும்பி என் அங்கியின் கையில் விழுந்தது! சூடாக! நான் நகரவே இல்லை. மணி பத்து மூன்று.

"அய்யோ, அளக்காமலே போச்சே தாத்தா!" என்று சிஸ்டர் ஆஷா கத்தினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

"டிரேஸ்னு போடுங்க சிஸ்டர்" என்றேன்.

"எங்க சார்ட்டுல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார். ஆனால் போட்டார். நான் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு நான்கு மில்லி. பன்னிரண்டு இருபதுக்கு ஏழு. டாக்டர் ஹரிபிரசாத் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

இதற்கெல்லாம் முன்னால், அந்த ஐந்து நிமிஷம் முடிந்ததுமே, அங்கியோடு ஜோசலினிடம் ஓடியிருந்தேன். "எபி ஒண்ணுக்குப் போயிட்டாம்மா!" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நிஜமாவா? இதையாவது நிஜமாச் சொல்றீங்களாப்பா?" என்றாள். ஈர அங்கியைக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து அந்த ஈரத்தை மோந்து பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

உங்கள் 1973ஐப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஆனால் கிளியம்மாளின் மகள்தான் இவனுக்கு முதலில் உதவியவள் என்று நினைக்கிறேன்.

தம்பி மணி

—

நாசரேத்,
18 அக்டோபர் 2025

ஏல மணி,

"பயல் மோண்டுட்டான்!" என்று வாசலில் நின்று கத்தினேன். தெருவில் போய்க்கொண்டிருந்த பாஸ்டர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். விளக்கிச் சொன்னதும் அங்கேயே நின்று ஸ்தோத்திர ஜெபம் செய்தார். பிள்ளை மூத்திரம் விட்டதற்கு நடுத்தெருவில் ஜெபம் நடந்தது இந்த ஊரில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நீ செய்தது சின்னத் தப்பு இல்லை. அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் நீ சொன்னாய். இருபத்து மூன்றையும் சொன்னாய்.

காலிக் கட்டம் என்றால் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கிளியம்மாளின் ஊர் இங்கிருந்து ஒன்பது மைல். ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் போய்ப் பார்க்கவில்லை. நேற்று லோகநாயகியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். காது மிஷினையும் போட்டுக்கொண்டேன்.

கிளியம்மாள் இறந்து வெகுகாலம் ஆகிறது. குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாம். டீக்கடைக்காரர் ஒருவர், "அந்தம்மாவுக்கு ஒரு மக உண்டே, சத்தமாப் பேசுவா" என்றார். அந்த மகள்தானா, பிறகு பிறந்தவளா, அவருக்குத் தெரியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

உன் பாஷையில் டிரேஸ் என்று போட்டுக்கொண்டேன்.

டாக்டர் கீதாவிடம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். போ.

அக்கா

—

கிழக்கு தாம்பரம்,
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்குத்தான் டாக்டர்கள் முதலில் குறித்துக் கொடுத்த தேதி! விருந்தாளி ஆறு வாரம் முன்னாலேயே வந்து, இப்போது மூன்று கிலோ நூறு கிராமாகி, என் மடியில் படுத்திருக்கிறான். இடது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். கையெழுத்துக்கு மன்னியுங்கள். ஜோசலின் தூங்குகிறாள். ஸ்டெபின் டிசம்பர் பதினான்காம் தேதி இறங்குகிறார். எபியின் சிறுநீரகத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தார்கள். குறையொன்றும் இல்லை, ஆறு மாதத்தில் இன்னொரு தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் கீதாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகப் பதினொரு நிமிஷம் திட்டினார். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் எழுந்து நின்றுவிட்டார், நான் பார்த்தேன். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த லிஸ்ட்ட ஒரு காப்பி எடுத்துக்கவா சார்? இனிமே வர்றவங்ககிட்ட காட்டணும்" என்றார். நோட்டையே கொடுத்துவிட்டு வந்தேன். கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு கட்டங்களையும் சிவப்பு மையில் நிரப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். நெல்லையில் ரயில் ஏறினால் தாம்பரத்தில் ஜெயவேலு காத்திருப்பார். "அக்காவை நானே இட்டாரேன் சார், நீ சட்டையைப் பாத்துப் போட்டுக்கினு வூட்ல இரு" என்கிறார். ஜோசலினும்

அக்கா, மன்னியுங்கள். மேலே மூன்று வரியில் மை கலைந்திருப்பது என் தப்பு அல்ல. காகிதத்தைக் காயவைத்து அப்படியே அனுப்புகிறேன். காலை 9.15. பையில்லாததால் அளக்க முடியவில்லை, ஆனால் என் வேட்டியும் நாற்காலியும் தரையும் நனைந்திருக்கின்றன.

இது டிரேஸ் அல்ல, அக்கா.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
மணி, எபி